நாற்பது நிமிஷத்துக்கு எட்டா?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை மேட்ச் இருந்ததால் அன்றைக்கு எங்களுக்கு லேசான நாள். கொஞ்சம் வார்ம்-அப், கொஞ்சம் பாஸிங், கார்னரில் யார் எங்கே நிற்பது என்று கோச் சார் நடந்து காட்டியது, எல்லாம் சேர்த்து 40 நிமிஷம். முடிந்து அரை மணி நேரம் கழித்து, வழக்கம்போல ஒவ்வொரு பையனையும் தனியாகக் கூப்பிட்டு "இன்னைக்கு எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கோல்கீப்பர் இரண்டு என்றான். சென்டர் பேக் இரண்டு பேரும் மூன்று. எங்கள் லெஃப்ட் பேக் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே வந்து, "எட்டு போட்டுக்கோங்கண்ணா" என்றான்.

பத்துக்கு எட்டு. 90 நிமிஷம் மேட்ச் ஆடிவிட்டு வருகிறவன் சொல்கிற எண் அது. காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். எட்டுதான் என்றான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதற்கு முன்னால், இந்த எண் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் சென்னை லீக்கில் ஆடும் ஒரு கிளப்புக்கு ஃபிட்னஸ் பார்த்துக்கொள்கிறேன். காலையில் கிளப், சாயந்திரம் ஒரு ஜிம்மில் வேலை. எங்கள் பையன்கள் 22 பேரில் பாதிப் பேருக்கு மாதச் சம்பளம் உண்டு, மீதிப் பேருக்கு மேட்ச்சுக்கு இவ்வளவு என்று பேச்சு. யாருக்கும் அதை மட்டும் வைத்து வீடு ஓடாது. பயிற்சி நடப்பது வடசென்னையில் ஒரு மைதானத்தில், ஒரு பக்கம் புல், இன்னொரு பக்கம் மண்.

எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை ஒரு எண்ணாகச் சொல்லச் சொல்லும் யோசனை குன்னர் போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளருடையது. 0 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 10 என்றால் இதற்கு மேல் முடியாது. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் அதை எடுத்து, பயிற்சி எத்தனை நிமிஷம் நடந்ததோ அதால் பெருக்கினார். அவ்வளவுதான் கணக்கு. 40 நிமிஷம், கஷ்டம் 3 என்றால் 120. அதே 40 நிமிஷத்துக்கு 8 என்றால் 320. இதைத்தான் லோடு என்கிறோம், சுமை. முடிந்த கையோடு கேட்கக்கூடாது, ஏனென்றால் கடைசியில் ஓடிய ஸ்பிரிண்டின் மூச்சிரைப்பு முழுப் பயிற்சியையும் மறைத்துவிடும். அதனால்தான் அந்த அரை மணி நேரம் இடைவெளி.

பெரிய கிளப்புகளில் ஜெர்ஸிக்குள் ஒரு சின்ன உள்பனியன் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவில் தீப்பெட்டி மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு தெரியும். அது ஜிபிஎஸ் கருவி. 2015-லிருந்து மேட்ச்சிலேயே அதைப் போட்டுக்கொண்டு ஆட அனுமதி இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடினான், எத்தனை தடவை சட்டென்று நின்று திரும்பினான், அதிகபட்ச வேகம் என்ன, எல்லாம் வந்துவிடும். ஒரு மேட்ச்சில் ஒருவர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார், அதில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஓடுவது சில நூறு மீட்டர்தான், தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்தச் சில நூறு மீட்டரில்தான் என்பதெல்லாம் இப்படி அளந்து அளந்து தெரிந்துகொண்டவை. எங்களுக்கு அந்தக் கருவி கட்டுப்படியாகாது. வாங்க முடிந்தால் நாளைக்கே வாங்குவேன், வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கருவி காட்டுவது உடம்பு செய்த வேலையை. அந்த வேலை உடம்பை என்ன செய்தது என்பது வேறு கணக்கு. ஒரே மாதிரி 5 கிலோமீட்டர் ஓடிய இரண்டு பேரில் ஒருவன் விசில் அடித்துக்கொண்டு போவான், இன்னொருவன் வாந்தி எடுக்க வாளியைத் தேடுவான். கருவிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க வெயிலே போதும். ஜனவரியில் காலை ஆறு மணிக்கு நான் கொடுக்கிற ஒரு ஓட்டப் பயிற்சிக்குப் பையன்கள் ஐந்து என்பார்கள். அதே மைதானம், அதே தூரம், அதே வேகம், மே மாதம் கொடுத்தால் ஏழு வரும், சில நாள் எட்டும் வரும். வெயில் மட்டும் காரணமில்லை, புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் அப்படியே வழிந்து போகிறது, உடம்பு குளிர்வதில்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போக வேண்டும், ஓடுவதற்குத் தசைக்கும் போக வேண்டும், நடுவில் இதயம் மாட்டிக்கொண்டு வேகமாக அடிக்கிறது. இதனால்தான் ஃபிஃபா வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த ஓர் அளவைப் பார்க்கிறது. 2014 உலகக் கோப்பையில் அது 32 டிகிரியைத் தாண்டினால் நடுவில் தண்ணீர் இடைவேளை என்று வைத்திருந்தார்கள். அப்போது பிரேசிலில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டது ஞாபகம் இருக்கலாம்.

போன மே மாதம் ஒரு மிட்ஃபீல்டரைப் பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் எடை போட்டேன். 66.2 கிலோவாக உள்ளே போனவன் 64.3 ஆக வெளியே வந்தான், நடுவில் அரை லிட்டர் தண்ணீர் குடித்திருந்தான். அப்படியென்றால் ஒன்றே கால் மணி நேரத்தில் சுமார் 2.4 லிட்டர் வியர்வை. உடம்பு எடையில் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே ஆட்டம் இறங்கும் என்பார்கள், இவன் கிட்டத்தட்ட 3 சதவீதத்தைத் தொட்டுவிட்டான். அன்றிலிருந்து எங்கள் கிட் பையில் எடை மெஷின் உண்டு. உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு பெரிய கேனும் உண்டு.

சரி, லெஃப்ட் பேக்குக்கு வருவோம்.

அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். தூங்கினாயா என்றால் தூங்கினேன் என்றான். காய்ச்சலா, இல்லை. வீட்டில் ஏதாவது சண்டையா, அதுவும் இல்லை. அப்புறம் ஏன்டா எட்டு என்றபோது சாதாரணமாகச் சொன்னான். "காலைல தண்ணி வந்துச்சுண்ணா."

அவன் இருப்பது ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. மேலே குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை, கீழே இருக்கிற அடி பம்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு வரும். அம்மாவுக்கு முட்டி வலி. அக்கா கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், அதனால் வழக்கத்தைவிட அதிகம் தேவை. இவன் அடித்து அடித்து நிரப்பி, ஒரு கையில் ஒரு குடம், தோளில் ஒரு குடம் என்று மூன்று மாடி ஏறுகிறான். எத்தனை நடை என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, "நமக்கு எட்டு நடை, எதிர் வீட்டுப் பாட்டிக்கு ரெண்டு" என்றான்.

ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். இரண்டு குடம் என்றால் 30 கிலோ. அவன் எடையே 61. தன் எடையில் பாதியைத் தூக்கிக்கொண்டு பத்து தடவை மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறான், அதற்கு முன்னால் பம்ப் அடித்திருக்கிறான், அதுவும் வெறும் வயிற்றில். பிறகு டீ குடித்துவிட்டு சைக்கிளில் ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறான். ஜிம்மில் ஒரு பையனுக்கு நான் இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் அடுத்த இரண்டு நாள் அவன் காலுக்கு ஓய்வு என்று எழுதுவேன். இவனுக்கோ அதற்குமேல் வாரத்தில் இரண்டு நாள் ஸ்குவாட்டும் படி ஏறுவதும் கொடுத்துக்கொண்டிருந்தேன், கால் பலம் போதவில்லை என்று நினைத்து. ஜனவரியிலிருந்து அவன் தொடை இடுக்கில் ஒரு வலி போவதும் வருவதுமாக இருந்தது. ஏன் என்று தெரியாமல் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தோம். குடம்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் போட்ட கணக்கில் அந்தக் குடம் இல்லவே இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

லட்ச ரூபாய்க் கருவியை அவன் முதுகில் கட்டியிருந்தாலும் அது ஆறு மணிக்குத்தான் ஆன் ஆகியிருக்கும்.

அன்றைக்கே மற்றவர்களிடமும் கேட்டேன். வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கிறவர்கள் 22 பேரில் ஆறு பேர். இரவு பதினொன்று வரை பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் நாலு பேர். ஒருவன் காசிமேட்டில் விடியற்காலை இரண்டு மணிக்கு மீன் பெட்டி இறக்கிவிட்டு நேராக மைதானத்துக்கு வருகிறான். இது எதுவும் எனக்குத் தெரியாது, மூன்று வருஷமாக அவர்களோடு இருக்கிறேன்.

ஏன் தெரியாமல் போனது என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, அது என் தப்பு.

இரண்டு சீசனுக்கு முன்னால் காலை ஷீட் ஒன்றை ஆரம்பித்தேன். தூக்கம், சோர்வு, தசை வலி, டென்ஷன், மனநிலை என்று ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை, ஐந்து என்றால் ரொம்ப நல்லது. இதுவும் உலகம் முழுக்க இருக்கிற வழக்கம்தான். ஆஸ்திரேலியாவில் ஹூப்பர், மெக்கின்னன் என்ற இருவர் 1995-இல் நாலு கேள்வி வைத்து எழுதியதிலிருந்து பல வடிவங்கள் வந்துவிட்டன. ரத்தப் பரிசோதனை, இதயத்துடிப்பு என்று எத்தனையோ வழி இருந்தும், களைப்பு சேர்வதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஆட்டக்காரர் தன் வாயால் சொல்வதுதான் என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. எங்கள் பையன்களும் முதல் மூன்று வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். தூக்கம் 2, வலி 3, மனநிலை 4 என்று கலவையாக வரும், படிக்கவே ஆசையாக இருக்கும்.

நாலாவது வாரம் ஒரு மேட்ச் அன்று காலை எங்கள் ரைட் விங்கர் தூக்கத்துக்கு 1 போட்டிருந்தான். அப்போது இருந்த கோச் ஷீட்டைக் கேட்டார், கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "ராத்திரி முழுக்க எங்க சுத்தின? இன்னைக்கு நீ உட்காரு" என்று சொல்லி அவனை டீமிலிருந்து எடுத்துவிட்டார். அவன் பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனுக்கு அன்றைக்கு மேட்ச் பணமும் போயிற்று.

அடுத்த நாள் 22 ஷீட்டிலும் எல்லாக் கட்டத்திலும் ஐந்து. அதற்கடுத்த நாளும் ஐந்து. எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த சீசன் முழுக்க அப்படியே போனது. கணுக்கால் வீங்கி நொண்டுகிறவன் கூட வலிக்கு ஐந்து போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினான். ஒரு காகிதத்தை நம்பி உண்மை சொன்னவனுக்கு இடம் போனது என்று 22 பேரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள், அதற்குமேல் நான் எத்தனை தடவை "உண்மையைப் போடுங்கடா" என்றாலும் என்ன அர்த்தம் இருக்கிறது? அந்த ஷீட்டை நான் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தாலும், காரணத்தைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. ரைட் விங்கர் அந்த வருஷத்தோடு வேறு கிளப்புக்குப் போய்விட்டான், போகும்போதும் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

இப்போது இருக்கிற கோச் சாரிடம் சீசன் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டேன். ஷீட் என்னிடம்தான் இருக்கும். எண் குறைந்தால் அவனுடைய அன்றைய பயிற்சி குறையும், டீமில் இடம் குறையாது. இடத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டி வந்தால் பையனோடு நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டுத்தான். அவர் ஒத்துக்கொண்டார், இன்றுவரை மீறவில்லை. அப்படியும் பையன்கள் வாயைத் திறக்க நாலு மாதம் ஆனது. லெஃப்ட் பேக் எட்டு என்று சொன்னது அதற்குப் பிறகுதான்.

கோச்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாங்கள் எல்லோருமே "பத்து ரவுண்டு அடி" என்று வளர்ந்தவர்கள். தினமும் பத்து ரவுண்டு, மழையோ வெயிலோ, மேட்ச்சுக்கு முந்தின நாளோ பிந்தின நாளோ, பத்து. ஃபாஸ்டர் கவனித்த இன்னொரு விஷயம் இங்கே நேராகப் பொருந்துகிறது. வாரத்தின் மொத்தச் சுமை எவ்வளவு என்பது ஒன்று, அது எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது இன்னொன்று. எல்லா நாளும் ஒரே அளவாக இருந்தால் உடம்புக்கு அதுவே தனி பாரம். கடினமான நாள் நிஜமாகவே கடினமாகவும், லேசான நாள் நிஜமாகவே லேசாகவும் இருக்க வேண்டும். அவரே இன்னொன்றும் கண்டார். கோச் லேசு என்று நினைத்துக் கொடுக்கிற நாளில் ஆட்டக்காரர்கள் அவர் நினைத்ததைவிடக் கடினமாகப் பயிற்சி செய்கிறார்கள், கடினம் என்று கொடுத்த நாளில் அவர் நினைத்த அளவுக்குச் செய்வதில்லை. இரண்டும் நடுவில் வந்து ஒன்றாகிவிடுகிறது. எங்கள் நோட்டை எடுத்துப் பார்த்தால் முதல் வருஷம் முழுக்க அதுதான், ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து.

அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழையில் எங்கள் மைதானம் குளம். மழை நின்ற பிறகும் ஒரு வாரம் சேறு காயாது. போன டிசம்பருக்கு முந்தின டிசம்பர் இரண்டு வாரம் பயிற்சியே சரியாக இல்லை. சாதாரணமாக ஒரு பையனுக்கு வாரம் 1800 வருகிற லோடு அந்த இரண்டு வாரமும் 300-தான். பிறகு வெயில் வந்ததும் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று காலையும் மாலையும் பயிற்சி வைத்தோம், அந்த வாரம் 2000. சும்மா பார்த்தால் 1800-க்கும் 2000-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உடம்பு அதற்கு முந்தின நாலு வாரமாக எதற்குப் பழகியிருந்தது? 1800, 1800, 300, 300, சராசரி 1050. அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கை ஒரே வாரத்தில் ஏற்றியிருக்கிறோம். அந்த வாரக் கடைசியில் இரண்டு பேருக்குத் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது, ஒருவன் ஆறு வாரம் உட்கார்ந்தான்.

ஒரு வாரச் சுமையை நாலு வாரச் சராசரியால் வகுக்கிற இந்த விகிதத்தைப் பிரபலமாக்கியவர் டிம் காபெட் என்ற ஆஸ்திரேலியர். 0.8 முதல் 1.3 வரை பத்திரமான இடம், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று 2016-இல் எழுதினார். உலகமே பிடித்துக்கொண்டது. பிறகு ஃபிராங்கோ இம்பெல்லிஸேரி போன்றவர்கள் அந்தக் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது, இதை வைத்து யாருக்கு அடிபடும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது என்று கடுமையாக எழுதினார்கள். எனக்கு அவர்கள் சொல்வதுதான் சரி என்று படுகிறது. 1.4 வந்ததால் இவனுக்கு நாளைக்குக் கால் போகும் என்று சொன்னால் அது கிளி ஜோசியம். ஆனால் மழைக்குப் பிறகு ஒரேயடியாக ஏற்றாதே, படிப்படியாக ஏற்று என்பதற்கு எந்த விகிதமும் தேவையில்லை, நோட்டைத் திறந்து முந்தின நாலு வாரத்தைப் பார்த்தாலே போதும். இந்த மழைக்கு மைதானம் இல்லாத நாட்களில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தைக் கேட்டு வாங்கி அங்கே ஓடவைத்தோம். ஒருவன் முட்டி போட, இன்னொருவன் அவன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கிற நார்டிக் பயிற்சி தினமும் கொஞ்சம். ஒழுங்காகச் செய்தால் தொடையின் பின்பக்கக் காயங்களைப் பாதியாகக் குறைக்கிற பயிற்சி அது, பைசா செலவில்லை. பையன்களுக்குப் பிடிக்காது, மறுநாள் வலிக்கும் என்பதால்.

தொழில்முறைக் கால்பந்தின் உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இதே பாடுதான், அளவு மட்டும் வேறு. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் யார் யாருக்கு எங்கே அடிபட்டது என்பதை யான் எக்ஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன் டாக்டரின் குழு 2001-லிருந்து எழுதிக்கொண்டு வருகிறது. ஆரம்பத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த தொடையின் பின்பக்கக் காயம் 2021-22 சீசனில் 24 சதவீதம். மருத்துவர், மசாஜ், ஐஸ் தொட்டி, தூக்கத்துக்குத் தனி நிபுணர் என்று எல்லாம் வந்த பிறகும் இரண்டு மடங்கு. ஆட்டத்தின் வேகம் கூடிவிட்டது, மேட்ச்களும் கூடிவிட்டன. பார்சிலோனாவின் பெட்ரி 18 வயதில் ஒரே சீசனில், ஒலிம்பிக்ஸையும் சேர்த்து, எழுபதுக்கும் மேற்பட்ட மேட்ச் ஆடினார், அதற்கடுத்த சீசன்களில் தொடைக் காயத்தால் மாதக்கணக்கில் உட்கார்ந்தார். 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, மேட்ச்கள் இப்படியே போனால் ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக் பண்ண வேண்டி வரும் என்று பேட்டி கொடுத்தார். சில நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிரான மேட்ச்சில் அவர் முட்டி ஜவ்வு கிழிந்தது. ஒன்றினால்தான் இன்னொன்று வந்தது என்று சொல்லமாட்டேன், முட்டி ஜவ்வு ஓய்வெடுத்தவனுக்கும் கிழியும். ஆனால் அவர் சொன்ன வார்த்தையை, முட்டி கிழிவதற்கு முன்னால் எத்தனை பேர் காதில் வாங்கினார்கள்?

டுபோன் என்பவரும் கூட இருந்தவர்களும் 2010-இல் வெளியிட்ட ஒன்றை நான் அடிக்கடி கோச் சாரிடம் சொல்வேன். ஒரு பெரிய கிளப்பில், வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடியவர்களையும் இரண்டு மேட்ச் ஆடியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓடிய தூரத்தில் வித்தியாசமே இல்லை. வேகமான ஓட்டத்திலும் இல்லை. காயம் மட்டும் 1000 மணி நேரத்துக்கு 4.1-லிருந்து 25.6 ஆக ஏறிவிட்டது. ஆறு மடங்கு. அதாவது வெளியே நின்று பார்க்கிறவருக்கு அவன் நன்றாகத்தான் ஓடுகிறான் என்று தோன்றும், கருவியும் ஆமாம் என்று சொல்லும். உள்ளே என்ன நடக்கிறது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்த தடவை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி கிளப்பின் மேட்ச் பார்க்கப் போனால் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிஷம் உட்காருங்கள். பெஞ்சில் இருந்தவர்கள் காலி மைதானத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைப் பார்க்கலாம். தண்டனை இல்லை அது. ஆடியவனுக்கு அன்றைக்கு 700, 800 என்று லோடு ஏறியிருக்கும், உட்கார்ந்திருந்தவனுக்கு வார்ம்-அப் மட்டும். இப்படியே நாலு வாரம் போய், ஐந்தாவது வாரம் திடீரென்று "நீ ஆடு" என்றால் அவன் நிலைமையும் மழைக்குப் பிறகு ஓடியவன் நிலைமையும் ஒன்று. ஸ்டேடியத்தில் விளக்கை அணைக்கும் வரை அவர்கள் ஓடுகிற அந்தக் கால் மணி நேரம் எனக்கு மேட்ச்சைவிடப் பிடிக்கும்.

எங்கள் ஷீட்டில் இப்போது ஆறாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. தலைப்பு "வெளியே". தண்ணி எத்தனை நடை, பைக் எத்தனை மணி நேரம், நைட் டியூட்டி உண்டா, செவன்ஸ் ஆடினாயா. தண்ணீர் வருகிற நாளில் அந்த ஆறு பேருக்கும் ஜிம்மில் கால் பயிற்சி கிடையாது, அதைத் தண்ணீர் வராத நாளுக்கு மாற்றிவிட்டேன். லெஃப்ட் பேக் இரண்டு குடத்தையும் ஒரே பக்கம் சாய்த்துத் தூக்குகிறவன், பக்கத்துக்கு ஒன்றாக, நடையைக் கூட்டி, எடையைக் குறைத்துத் தூக்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டிக்கான இரண்டு நடையை விடமாட்டேன் என்கிறான், நானும் வற்புறுத்தவில்லை. காசிமேட்டுப் பையனை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டோம், முதல் ஒரு மணி நேரம் அவன் வீட்டில் தூங்குகிறான்.

செவன்ஸ் கட்டம் மட்டும் ரொம்ப நாள் காலியாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சின்ன மைதானங்களில் ஏழு பேர் ஆட்டம், ஜெயித்தால் கையில் பணம். கிளப் ஒப்பந்தத்தில் அதற்குத் தடை, தெரிந்தால் அபராதம். ஆடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், திங்கட்கிழமை முகத்திலேயே தெரியும். அபராதம் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை, காசு கொடுத்து வைத்திருக்கிற கிளப்புக்கும் பயம் இருக்கும். ஆனால் அந்தச் சுமை என் நோட்டில் ஏறாமல் திங்கட்கிழமை அவனுக்கு எதைக் கொடுப்பது?

போன வாரம் எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஷீட்டை வாங்கி, பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "இது உங்ககிட்டதான இருக்கும்ணா?" என்றான். ஆமாம்டா என்றேன். செவன்ஸ் என்று போட்டு "2 மேட்ச்" என்று எழுதினான். அன்றைக்கு ஸ்பிரிண்ட் பயிற்சி. அவனை ஓடவிடாமல் கோன் எடுத்து வைக்கிற வேலையையும் ஸ்டாப் வாட்ச்சையும் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் செக்ரட்டரி சார் ஷீட்டுகளைக் கேட்டார். மொத்த லோடை மட்டும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஷீட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.